கூவக்கரை வீட்டில் கறுத்துப்போன ஏசி போர்டு

சிந்தாதிரிப்பேட்டைக்காரர்:
மூன்றாவது முறையாகப் போர்டு போனபோது, மெக்கானிக் அதைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். செப்புத் தடத்தின் ஓரத்தில் கிளம்பிய கரும்படிவு, பாசி படர்வதைப் போல அடுத்த தடம்வரை படர்ந்திருந்தது. வோல்டேஜ் ஏறி இறங்கியதுதான் காரணம் என்றார். ஸ்டெபிலைசர் இருக்கும்போது அதை எப்படி ஏற்பது? கூவத்து நாற்றத்திலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு செம்பைக் கறுக்கச் செய்யும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் நாற்றம் தாங்காமல் சன்னலைச் சாத்திவைக்கும் மே மாதத்தில் ஒருமுறைகூடப் பழுதாகாத போர்டு, மூன்று தடவையும் ஐப்பசி மழையில்தான் செயலிழந்தது. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

புதுப்பேட்டை வாசகி:
வெயிலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். சாக்கடைச் சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் சல்பேட்டிலிருந்து இந்த வாயுவை உண்டாக்கும் வேகம் சூட்டில் கூடும்; சூடான நீரில் வாயு தங்குவதும் குறையும். மூடி கழன்றுவிடாதபடி ரப்பர் பேண்டு போட்டுப் பீரோவில் வைத்த எங்கள் வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒரே கோடையில் கறுத்துவிட்டது. அங்கே ஈரம் ஏது?

சர்வர் அறைப் பராமரிப்பாளர்:
சகோதரி, சிமிழ் முழுவதும் கறுத்ததா, ரப்பர் பேண்டு இருந்த இடம் மட்டும் கோடாகக் கறுத்ததா? ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். வெள்ளிக்கு அதுவே போதும்.

ஒரு மழை இரவில் நான் அறைக்கதவைத் திறந்து வைத்த சிறிது நேரத்தில், குளிர்ந்திருந்த இரும்புச் சட்டமெங்கும் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றதைக் கண்டேன். உச்சிவெயிலில் வாயு மிகுந்தாலும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் இறங்கிவிடும்; மழைக்காலத்திலோ கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உலோகத்தின்மேல் படிந்து, அதில் வாயு கரைவதால் செம்பு வேகமாக அரிக்கப்படுகிறது. ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டியபின் கூடும் ஒவ்வொரு 10 சதவீதத்துக்கும் அரிப்பின் கடுமையை ஒரு படி உயர்த்திக் கொள்ளலாம் என்பது காற்றிலுள்ள வாயுக்களால் மின்னணுக் கருவிகளுக்கு வரும் அரிப்பைத் தரம்பிரிக்கும் ஐஎஸ்ஏ 71.04 தரவிதியின் கணக்கு. 2006-இல் ஐரோப்பா மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, ஈயம் கலந்த பூச்சுக்குப் பதிலாக வெள்ளிப்பூச்சுப் போர்டுகள் பெருகியதால் இத்தொல்லை இன்னும் கூடியது. ஆகவே 18 டிகிரியில் ஓடவிட்டுவிட்டு உடனே சன்னலைத் திறக்காதீர்கள்; மழைநாளில் டிரை மோடில் ஓடவிடுங்கள்; புதுப் போர்டு மாட்டும்போது காப்புப் பூச்சு உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

சிந்தாதிரிப்பேட்டைக்காரர்:
விடியற்காலையில் ஏசியை நிறுத்தியதும் அதன் நேர் கீழே உள்ள சன்னலைத் திறந்துவிடுவது அம்மாவின் பல வருட வழக்கம். மே மாதத்தில் மட்டும் அவர் அதைத் திறப்பதில்லை.