புதுப்பிப்பு: கான்கிரீட் கூரை வீட்டில் ராத்திரி வெக்கை – சுண்ணாம்பு அடித்த பிறகு

கான்கிரீட் கூரை வீட்டில் ராத்திரி 11 மணிக்கும் அனல் இறங்குகிறது, ஏசி இல்லாமல் என்ன செய்யலாம் என்று கோடைத் தொடக்கத்தில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடிக்கச் சொன்ன யோசனைதான். பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும் தளம் ராத்திரியில்தான் அதைக் கக்குகிறது. வெள்ளைப் பூச்சு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. முதலில் நண்பகலில் அடித்தேன், தப்பு. சூட்டில் சட்டென்று காய்ந்து, தொட்டாலே மாவாக உதிர்ந்தது. மறுபடி கழுவி, நீர்த்த சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து, சாயங்காலம் தளத்தை நனைத்துவிட்டு 3 பூச்சு அடித்தேன். இப்போது உள்கூரையைத் தொட்டால் சுடுவதில்லை. மின்விசிறிக் காற்றும் அனலாக இல்லை.

அப்புறம், ஜன்னல்களைப் பகலில் மூடி ராத்திரி திறந்துவைத்ததும் உதவியது. ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டதுதான் சரிப்படவில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், புழுக்கம்தான் கூடியது.

எதிர்பாராத ஒன்று: மதியம் மாடி ஏறினால் கண் கூசுகிறது. துணி காயப்போடப் போகிறவர்களிடம் தினமும் திட்டு வாங்குகிறேன். மழை கரைத்துவிடும் என்பதால் அடுத்த கோடைக்கு முன் மறுபடி அடிக்கவேண்டும்.