பெடிக்யூர் சேர் கழுவுறதுல கூட வேலை பாக்குற அக்காவோட தினம் சண்டை, என்ன பண்றது?

நகப்பூச்சு_பொண்ணு:

வணக்கம், கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கோங்க. நான் சென்னையில வேளச்சேரி பக்கம் ஒரு சலூன்ல நெயில் டெக்னீஷியன், இங்க சேந்து ஒன்றரை வருஷம், முன்னாடி வேற இடத்துல மூணு வருஷம். எங்க கடையில பெடிக்யூர் சேர் மூணு, ரெண்டு ஜெட் வச்சது (மோட்டார் போட்டு தண்ணிய பீச்சி சுத்த விடுறது), ஒண்ணு குழாயே இல்லாத சாதா தொட்டி. நாங்க மூணு பேர், எங்க சீனியர் அக்கா, நான், மணிப்பூர்ல இருந்து வந்திருக்குற ஒரு தங்கச்சி.

அக்கா 11 வருஷமா இந்த வேலையில இருக்காங்க, கை அவ்ளோ வேகம், எனக்கே நிறைய சொல்லிக் குடுத்தவங்க, அதனாலதான் இதை எழுதவே சங்கடமா இருக்கு. கஸ்டமர் எழுந்ததும் தண்ணிய திறந்து விடுவாங்க, ஹேண்ட் ஷவர்ல ஒரு சுத்து, ஒரு மூடி டெட்டால், டிஷ்யூல துடைச்சா முடிஞ்சுது, மூணு நிமிஷத்துல அடுத்த ஆள் உக்காந்தாச்சு. எனக்கு பழைய இடத்துல ட்ரெயினிங்ல சொன்னது வேற. தண்ணிய வடிச்சு, சோப்பு போட்டு பிரஷ்ல தேச்சு, அலசி, திரும்ப தண்ணி நிரப்பி கிருமிநாசினி ஊத்தி ஜெட்ட ஓட விட்டு 10 நிமிஷம், அப்புறம் வடிச்சு அலசி துடைக்கணும். எல்லாம் சேத்து 15 நிமிஷம் ஆயிடும். எங்களுக்கு இன்சென்டிவ் ஆள் கணக்குல, ஞாயித்துக்கிழமை அவங்க 8 பேர் பாத்தா நான் 5 தான். "ஆபரேஷன் தியேட்டரா நடத்துற"ன்னு கிண்டல் வேற.

சேர் யாருக்கும் தனித்தனியா கிடையாது. அவங்க முடிச்ச சேர்ல என் கஸ்டமர் உக்கார வந்தா நான் முதல்ல இருந்து கழுவுவேன், அது அவங்களுக்கு கோவம். போன வாரம் முகூர்த்தத்துக்கு முந்தின நாள், கல்யாணப் பொண்ணு வீட்ல இருந்து ஆறு பேர் வந்து உக்காந்திருக்காங்க, நான் ஜெட் மூடிய கழட்டினேன், உள்ள சாம்பல் கலர்ல கொழகொழன்னு, முடி சுத்திக்கிட்டு. பாருங்கக்கான்னு கையில எடுத்து காட்டிட்டேன். அவங்க ஒண்ணுமே சொல்லாம உள்ள போயிட்டாங்க. அன்னையில இருந்து பேச்சு இல்ல, டிபன் கூட தனியா சாப்பிடுறாங்க.

ஓனர் மேடம் கிட்ட சொன்னா "எனக்கு ரெண்டு பேரும் வேணும், நீங்களே பேசி முடிச்சுக்கோங்க"ன்னுட்டாங்க. அந்தத் தங்கச்சி பாவம், நான் இருந்தா என் மாதிரி கழுவுது, அக்கா இருந்தா அக்கா மாதிரி. நான்தான் ஓவரா பண்றேனா? டெட்டால் போதுமா? வேலைய விடாம இதை எப்படி சரி பண்றது?

வீட்டு_பக்கெட்:

இத படிச்சிட்டு இனிமே நான் வீட்லயே பக்கெட்ல கால் ஊற வச்சுக்குறேன் சாமி.

மதுரை_நர்ஸ்:

நான் ஒரு ஆஸ்பத்திரியில இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் பாக்குறேன். நீங்க ஓவரா பண்ணல. டெட்டால் மேல தப்பில்ல, ஆனா ஒரு மூடிய 15 லிட்டர் தொட்டியில கரைச்சு உடனே திறந்து விட்டா வாசனை மட்டும்தான் மிஞ்சும். எந்த மருந்தா இருந்தாலும் ரெண்டு விஷயம்: முதல்ல சோப்பு போட்டு அழுக்கு போகணும், அழுக்கு இருந்தா மருந்து அதுலயே செலவாயிடும். அப்புறம் லேபிள்ல போட்ட நேரம் அது ஈரமா நின்னு வேலை செய்யணும்.

2000-ல கலிஃபோர்னியாவுல வாட்சன்வில்லுன்னு ஒரு ஊர், அங்க ஒரே நெயில் சலூனுக்கு போன 110 பேருக்கு முழங்காலுக்கு கீழ கட்டி கட்டியா வந்துச்சு, ஒருத்தருக்கு 37 கட்டி வரைக்கும். காரணம் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுயிட்டம்னு ஒரு கிருமி, டிபி கிருமிக்கு தூரத்து சொந்தம், சாதாரணமா தண்ணியில மண்ணுல இருக்குறது. அந்தக் கடையில இருந்த 10 தொட்டியிலயும் அது இருந்துச்சு. தொட்டி பாக்க பளபளன்னுதான் இருந்திருக்கும், தண்ணி உள்ள போற சல்லடைக்கு பின்னாடிதான் முடியும் தோலும் சேந்து கிடந்துச்சு, நீங்க எடுத்து காட்டினீங்களே அதே சமாச்சாரம். அப்புறமா கலிஃபோர்னியாவுல வேற வேற கடைகள்ல 30 தொட்டிய சோதிச்சப்போ 29-ல இந்த வகை கிருமி இருந்துச்சு, அதனால உங்க கடை மட்டும் மோசம்னு நினைக்காதீங்க.

இன்னொண்ணு, அந்தக் கடைக்கு போனவங்கள்ல யாருக்கு அதிகம் வந்துச்சுன்னு பாத்தா, பெடிக்யூருக்கு முன்னாடி கால்ல ஷேவ் பண்ணிட்டு வந்தவங்களுக்கு. நம்ம ஊர்ல வேக்ஸிங் முடிச்ச கையோட அதே சேர்ல பெடிக்யூருக்கு உக்கார வைக்கிறாங்க, காம்போ ஆஃபர்னு. அதை முதல்ல நிறுத்துங்க. சுகர் இருக்கான்னும் கேளுங்க, அவங்களுக்கு கால்ல காயம் ஆனா வலிகூட தெரியாது, எங்க வார்டுல தினம் பாக்குறேன். கட்டி அன்னைக்கே வராது, வாரக்கணக்கு ஆகும், அதான் யாரும் சலூனோட சேத்து யோசிக்கிறதில்ல. "11 வருஷத்துல ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்ல"ன்னு உங்க அக்கா சொல்வாங்க, நிஜமா சொல்வாங்க, வந்திருந்தாலும் அவங்களுக்கு தெரிஞ்சிருக்காது.

கிருமிநாசினிக்கு பட்ஜெட் இல்லைன்னா 5 சதவீத ஹைப்போகுளோரைட், அதான் ப்ளீச், போதும், லிட்டருக்கு 20 மில்லி, 15 லிட்டர் தொட்டிக்கு 300 மில்லி, 10 நிமிஷம். கரைச்சத அன்னன்னைக்கே கொட்டிடுங்க. ஆனா கல்யாணப் பொண்ணு முன்னாடி எடுத்து காட்டினது தப்புதாம்மா, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

கோவை_சேர்சர்வீஸ்:

ஏனுங்க, நான் பெடிக்யூர் சேர், சலூன் சேர் எல்லாம் சர்வீஸ் பண்றவனுங்க. ஜெட்டு கழட்டினா உள்ளார என்னென்ன இருக்கும்னு சொன்னா சாப்பாடு எறங்காது. முடி, ஸ்க்ரப்பு மணல், க்ரீம் எண்ணெய் எல்லாம் கலந்து மெழுகாட்டம் ஒட்டிக்கும், போர் தண்ணியா இருந்தா அதுமேல உப்பு படிஞ்சு கல்லாட்டம் ஆயிடும், அந்த உப்புக்கு உள்ளார வழவழப்பு பதுங்கிக்கும், நீங்க மேல எத்தன ஊத்துனாலும் அங்க போய் சேராது. மோட்டார் போச்சுன்னு கூப்புடறாங்க பாருங்க, பாதிக்கு மேல மோட்டார்ல ஒண்ணுமே இருக்காதுங்க, முடி சுத்தி நின்னிருக்கும். மூடிய தினம் ராத்திரி கழட்டி பல்லு வெளக்கற பிரஷ்ல தேச்சாலே போதும், கழட்டறதுக்கு ரெண்டு நிமிசம் ஆகுமுங்க.

உப்பு எடுக்க ஆசிட் ஊத்தற பழக்கம் நிறைய கடையில இருக்கு. ப்ளீச்சும் ஆசிட்டும் ஒரே தொட்டியில சேந்துச்சுன்னா குளோரின் புகை வரும், ஏசி போட்டு கதவ சாத்துன ரூம்புல அது ஆள தூக்கிரும். கண்டிப்பா வேண்டாமுங்க. ப்ளீச் ஊத்துனா முடிஞ்சதும் நல்லா அலசோணும், இல்லாட்டி உள்ள இருக்கற இரும்பு திங்கும்.

என்னைய கேட்டா கூட்ட நாள்ல ஜெட்டு சேர மூடி வச்சிட்டு சாதா தொட்டியில ஓட்டுங்க, கூட ரெண்டு ஸ்டீல் டப்பு வாங்கிக்கோங்க. குழாய் இல்ல, சல்லட இல்ல, தேய்க்க சுளுவு. ஜெட்டுங்கறது சும்மா ஜம்பத்துக்குத்தானுங்க. இத நானே சொல்லக்கூடாது, என்ற பொழப்பே அதுலதான்.

ஸ்கார்பரோ_தமிழிச்சி:

தங்கச்சி, நான் இஞ்ச கனடாவில ஸ்கார்பரோவில நெயில் சலூன் ஒண்டில ஆறு வருசமா வேலை செய்யிறன். இஞ்ச ஒன்ராறியோவில இதுக்கெண்டு 2018 இல இருந்து தனிச் சட்டமே இருக்கு, பொதுச் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பாத்திட்டுப் போவினம், வந்து பாத்த முடிவ வாசலில ஒட்ட வேணும். அதால இஞ்ச சண்டை வாறதில்லை எண்டு நினைக்காதயுங்கோ. எங்கட கடையிலயும் ஒரு காலம் இதே கூத்துத்தான், தொட்டிக்குள்ள போடுற பிளாஸ்டிக் லைனர் வந்தாப்பிறகு "லைனர் போட்டாச்சு, பிறகென்னத்துக்குக் கழுவுறது" எண்டு ஒருத்தி. லைனர் போட்டாலும் அத எறிஞ்சிட்டு தொட்டியத் துடைக்கத்தான் வேணும்.

சண்டை எப்பிடி நிண்டது எண்டு சொல்லுறன். முதலாளி அப்பொயின்மென்ட் புக்கில ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் 15 நிமிசம் வெறுமையா விடச் சொன்னா, எங்களுக்கு மணித்தியாலக் கணக்கில சம்பளம், அந்த 15 நிமிசத்துக்கும் காசு வந்தது. அடுத்த நாளே எல்லாரும் கழுவத் தொடங்கிட்டினம், ஒருத்தரும் ஒருத்தருக்கும் பாடம் எடுக்கேல்லை. உங்கட கடையில தலைக் கணக்கில காசு. கழுவுற நேரம் ஆற்ற காசு? உங்கட அக்கா கழுவினா அவவின்ர காசு போகுது. அவவோட கதைக்க முதல் அதக் கணக்குப் போட்டுப் பாருங்கோ.

பதினாலு_வருஷம்:

நான் உங்க அக்கா மாதிரி ஒரு அக்கா. 14 வருஷமா திருச்சியில இந்தத் தொழில்தான். எல்லாரும் கிருமிய பத்தி சொல்லிட்டீங்க, சரி, அது நிஜம், நானும் ஒத்துக்குறேன். ஆனா நான் வேலைக்கு சேந்தப்ப தொட்டி கழுவ தனியா ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க நின்னதும் புது ஆள் போடல, "நீங்களே ஒரு அலசு அலசிடுங்க"ன்னு சொன்னாங்க, அந்த ஒரு அலசு இன்னைக்கு வரைக்கும் ஓடுது. அதுக்கு தனியா ஒரு ரூபா கிடையாது. கிளவுஸ் குடுக்க மாட்டாங்க, ப்ளீச்சுல கை வெடிச்சு ராத்திரி ரசத்துல கை வைக்க முடியாது. ஸ்டூல்ல குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு. அப்ப ஒரு சின்னப் பொண்ணு வந்து கஸ்டமர் முன்னாடி அழுக்க எடுத்து நீட்டினா எப்படி இருக்கும்? அந்த மூடிய கழட்டலாம்னு அவங்களுக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்திருப்பாங்களா? எனக்கு யாரும் சொல்லல, ஒரு தடவை மெக்கானிக் வந்து கழட்டினப்பதான் நானே பாத்தேன், அப்படியே வாயடைச்சுப் போயிட்டேன்.

வாட்ஸ்அப்ல மன்னிப்பு அனுப்பாதே. கடை சாத்தினப்புறம் ரெண்டு டீ வாங்கிட்டு போ. முதல்ல அன்னைக்கு பண்ணது தப்புன்னு சொல்லு, சொல்லிட்டு "ஆனா"ன்னு ஆரம்பிக்காதே. டீ முடியிற வரைக்கும் தொட்டிய பத்தி பேசவே பேசாதே.

நகப்பூச்சு_பொண்ணு:

எல்லாருக்கும் தேங்க்ஸ், பத்து நாள் கழிச்சு வரேன். திருச்சி அக்கா சொன்ன மாதிரியே டீ வாங்கிட்டு போனேன். முதல்ல மூஞ்சியே குடுக்கல. அப்புறம் அவங்களே கைய திருப்பி காட்டினாங்க, விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கு, ஒன்றரை வருஷமா பக்கத்துல உக்காந்து வேலை பாக்குறேன், எனக்கு தெரியல. அந்த மூடி கழலும்னு அவங்களுக்கு நிஜமாவே தெரியாதாம், சேர் வாங்கினப்ப வந்தவன் ஆன் பண்ண மட்டும் காட்டிட்டு போயிட்டானாம்.

ரெண்டு பேரும் சேந்தே மேடம் கிட்ட போனோம், அதுதான் அவங்க எதிர்பாக்கல. கழுவுற நேரத்துக்கு இன்சென்டிவ் கேட்டோம், முடியாதுன்னுட்டாங்க. புக்கிங்ல 15 நிமிஷ கேப் கேட்டோம், வார நாளுக்கு ஓகே, சனி ஞாயிறு முடியாதாம். கடைசியில சனி ஞாயிறு கழுவ மட்டும் பார்ட் டைம் ஒரு அக்கா போட ஒத்துக்கிட்டாங்க, கிளவுஸ் ரெண்டு பாக்ஸ் வந்துச்சு, கூட ரெண்டு ஸ்டீல் டப்பும். கூட்ட நாள்ல ஜெட் சேர் ரெண்டுக்கும் லீவு. வேக்ஸிங் காம்போவ எடுக்க மேடத்துக்கு மனசில்ல, ஆனா பெடிக்யூர முதல்ல முடிச்சிட்டு வேக்ஸிங்க அப்புறமா பண்றோம், டாக்டர் கிட்ட கேட்டேன்னு அக்காவே ஒரு பொய்ய போட்டு சம்மதிக்க வச்சிட்டாங்க. ஒரு நோட்டு போட்டு எந்த சேர், எத்தன மணிக்கு, யாருன்னு எழுதுறோம், மணிப்பூர் தங்கச்சி தேதிய மட்டும் தமிழ்ல எழுதப் பழகிருச்சு.

இன்சென்டிவ் பிரச்சனை அப்படியேதான் இருக்கு, அது முடியல. அக்கா எல்லாம் ஒழுங்கா பண்ணிட்டு கடைசியில ஒரு மூடி டெட்டால் ஊத்துறாங்க, வாசனைக்காம், நான் வாய திறக்கல. நேத்து நான் அவசரத்துல எட்டு நிமிஷத்துல தண்ணிய திறந்துட்டேன், டைமர தூக்கிட்டு வந்து என் மூஞ்சிக்கு நேரா காட்டினாங்க, நல்லவேளை கஸ்டமர் யாரும் இல்ல.

கோவை_சேர்சர்வீஸ்:

சந்தோசமுங்க. ஜெட்டு மூடிய தினம் கழட்டறீங்கன்னா அந்த ரப்பர் வாசர பாத்துக்கோங்க, ஒரு பக்கம் சாஞ்சு உக்காந்துச்சுன்னா தண்ணி மோட்டார் பக்கம் கசியும். எந்த கம்பெனி சேருங்க அது?