பகாவ் தோட்டத்தில் கிடக்கும் பழைய தண்டவாளம்: சயாம் ரயில் காலத்ததா?

கேள்வி: மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில், வாய்க்காலுக்குக் குறுக்கே பழைய தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஒரு அடித் துண்டு ஒன்று தனியாகவும் கிடக்கிறது. பகாவ் வழியாகப் போகும் கிம்மாஸ்–தும்பாட் ரயில் பாதையில், இரண்டாம் உலகப்போரின்போது சயாம் ரயிலுக்காக ஜப்பான்காரன் கழற்றியது எந்தப் பகுதி? சுங்கை கோலோக் பாதையும் சயாம் மரண ரயிலும் ஒன்றுதானா?

பதில் 1: ஒன்றே இல்லை. கோலோக் பாதை பாசிர் மாஸில் பிரிந்து ரந்தாவ் பாஞ்சாங் வழியாக தாய்லாந்து எல்லை தாண்டும் கிளை, 1921-ல் திறந்தது. மரண ரயில் என்பது போரில் ஜப்பான்காரன் கட்டாய உழைப்பில் போட்ட பாதை, தாய்லாந்தின் (அன்றைய சயாம்) பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கி.மீ. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள்.

எல்லைப் பாதைகளுக்கு வேர், பிரிட்டனும் சயாமும் செய்த 1909 ஒப்பந்தம். கிளந்தானும் கெடாவும் பிரிட்டிஷார் கைக்கு வந்தன. தென்பகுதி ரயிலுக்காக சயாமுக்கு 40 லட்சம் பவுண்டு கடன். இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலப் பாதை என்பதால் 1918-ல் எல்லை ஊரான பாடாங் பெசாரில் சிக்கலில்லாமல் இணைந்தது. போரில் ஜப்பான்காரன் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சரக்கு வேகனில் அடைத்து மரண ரயில் வேலைக்கு நேராகக் கொண்டுபோக முடிந்ததும் அதனால்தான்.

பதில் 2: கிம்மாஸ்–பகாவ் 1910, தும்பாட் வரை முழுமையானது 1931. குசியாலில் கிளந்தான் ஆற்றைக் கடக்கும் கில்லமார்ட் பாலத்தை 1941 டிசம்பரில் பின்வாங்கிய பிரிட்டிஷாரே தகர்த்தார்கள். ஜப்பான்காரன் பிடுங்கியது பெரும்பாலும் பகாங்கில் உள்ள மெந்தகாப்புக்கு வடக்கே. பகாவ் அதற்குத் தெற்கே இருக்கிறது. "சயாமுக்குப் போகாமல் மிஞ்சியது" என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

பதில் 3: துண்டையே கேளுங்கள். தலைக்கும் அடிக்கும் நடுவில் ஒல்லியான பகுதி இருக்கிறதே, அதில் ஆலைப் பெயர், வருடம், எடை புடைத்த எழுத்தில் இருக்கும். ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், எழுத்தே போய்விடும். பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்து உரசி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள் அண்ணே, எழுத்து ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம்.

எழுத்து இல்லையென்றால் நிறுக்கலாம். ஒரு அடி 12 கிலோ என்றால் மூன்று அடிக்கு 36, அதாவது யார்டுக்கு 80 பவுண்டு. பெரிய பாதை ரகம். 4 கிலோதான் வருகிறதென்றால் தோட்டத்து டிராலிப் பாதை. துரு தின்றதும் தலை தேய்ந்ததும் கழியும். கணக்கு 75 பவுண்டு காட்டினால் அசலில் 80 ஆகவே இருக்கலாம்.

பதில் 2: ஒன்று சேர்க்கிறேன். தண்டவாளத்தில் புடைத்திருப்பது ஆலையில் இரும்பை உருட்டிய வருடம், பாதை போட்ட வருடம் அல்ல. கழற்றிய தண்டவாளத்தை வேறு இடத்தில் மறுபடி போடுவது வழக்கம்.