பழைய கணினிக்குள் கார்டு பொருத்தியவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

திருச்சிவாசி:
பழைய கணினிக்கு வேகமான யுஎஸ்பி வாசல்களைத் தரும் யுஎஸ்பி 3.0 கார்டின் பின்முனையில் மின் இணைப்புக்கென்று ஒரு கறுப்புத் துளை இருக்குமே, அதைப் பற்றித்தான். ஓர் அலுவலகம் கழித்துத் தள்ளிய டெஸ்க்டாப் அது. கார்டை வாங்கிவைத்துத் தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்தேன். துளையைக் காட்டிக் கேட்டதற்கு, "அதெல்லாம் தேவைப்படாது சார், போர்டிலிருந்தே கரன்ட் வந்துவிடும்" என்றார். பென் டிரைவைச் செருகிக் காட்டினார், வேலை செய்தது. பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரவு தங்கையின் கல்யாண வீடியோவை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற உட்கார்ந்தேன். பாதியில் டிக், டிக் என்று சத்தம். டிஸ்க்கின் விளக்கு அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் சாட்டா வகை மின் ஒயர் ஒன்று அந்தத் துளைக்கு ஒரு சாண் தள்ளிச் சும்மா கிடக்கிறது. அதுவும் ஃபேனில் சிக்கிவிடாதபடி டேக் போட்டு அழகாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது! டேக்கை வெட்டிச் செருகினேன், சரியாகிவிட்டது. கையில் பிடித்துக் கட்டிய மனிதருக்கு அதைச் செருகத் தோன்றவில்லையே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

ரிச்சி தெரு ரசிகன்:
ஸ்லிம் கேபினெட், அதாவது ஒல்லியான கணினிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கார்டு குட்டையாக இருந்தால் போதாது, அதைப் பெட்டியோடு பிடித்து நிறுத்தும் முகப்புத் தகடும் குட்டையாக இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த கிராபிக்ஸ் கார்டில் நீளத் தகடுதான் இருந்தது. கடைப் பையன் யோசிக்கவே இல்லை, தகட்டைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு வெறும் கார்டை மதர்போர்டிலுள்ள ஸ்லாட்டில் (கார்டைச் செருகும் பள்ளம்) அழுத்தினான். "நிற்கும் சார்."

நின்றது, ஹெச்டிஎம்ஐ கேபிளை மாட்டும்வரை. கேபிளின் கனத்தில் கார்டு ஒரு பக்கம் சாய, மேசையில் முழங்கை பட்டாலே திரை கறுத்துவிடும். திரும்பப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே இழுப்பறையைத் திறந்தார். உள்ளே குட்டைத் தகடுகள் குவியலாகக் கிடந்தன. ஒன்றை எடுத்துக் காசு வாங்காமல் கொடுத்தார். முதல் நாளே அந்த இழுப்பறையைத் திறந்தால் என்ன?

எர்த் கம்பி:
திருச்சிவாசி, மெக்கானிக்கை முழுதாகக் குறை சொல்ல முடியாது. அந்தக் கார்டு உட்காரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை ஸ்லாட்டில் 3.3 வோல்ட்டும் 12 வோல்ட்டும்தான் வரும். யுஎஸ்பிக்கு வேண்டிய 5 வோல்ட் அதில் கிடையாது. சில கார்டுகள் தாங்களே மாற்றிக்கொள்ளும், பென் டிரைவுக்கு அது போதும். சுழலும் டிஸ்க் 900 மில்லி ஆம்பியர்வரை கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

என் கதை சின்னது. நண்பர் வீட்டில் கேபினெட்டைத் தொட்டதும் விரலில் சுரீரென்றது. பிளக்கில் எர்த் முள்ளையே வெட்டியிருந்தார்கள். எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினெட்டில் ஏறக்குறையப் பாதி வோல்டேஜ் நிற்கும். ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். கணினியை ஷட் டவுன் செய்தால் மட்டும் போதாது, மதர்போர்டில் 5 வோல்ட் ஸ்டேண்ட்பை (காத்திருப்பு) மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். பல போர்டுகளில் ஒரு பச்சை விளக்கே எரிந்து அதைச் சொல்லும். சுவர் ஸ்விட்சை அணையுங்கள், ஆனால் பிளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த் இணைப்பு இருக்கட்டும். பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், மிச்ச மின்சாரம் வடிந்து அந்த விளக்கு அணையும். வர்ணம் பூசாத தகட்டைத் தொட்டுவிட்டுக் கார்டை ஓரமாகப் பிடித்து எடுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது. கழற்றும்போது ஸ்லாட்டின் கோடியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை முதலில் விடுவியுங்கள்.

டிடிபி காலத்தவன்:
நீங்களெல்லாம் கொடுத்துவைத்தவர்கள். ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட் காலத்தில் கார்டு உட்கார்ந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். எங்கள் டிடிபி சென்டரில் முதலாளி ஆசைப்பட்டு ஒரு சவுண்ட் கார்டு வாங்கினார். முதல் ஒலிக்கோப்பில் அவர் மகளின் குரல்: "வணக்கம்". ஸ்பீக்கரில் "வண... வண... வண..." என்று நிற்காமல் வந்துகொண்டேயிருந்தது. பலகாரத் தட்டோடு நின்றிருந்த முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நெட்வொர்க் கார்டும் சவுண்ட் கார்டும் ஒரே ஐஆர்க்யூ 5-இல் (கார்டு பிராசஸரைக் கூப்பிடும் எண்) இருந்தன. சவுண்ட் கார்டில் அந்த எண்ணைத் தீர்மானிக்கும் ஜம்பர் என்ற குட்டி மூடியைக் குறடால் பிடுங்கி 7-க்கு மாற்றி, கணினி தொடங்கும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ஐ5 என்றிருந்ததை ஐ7 ஆக்கியதும் குழந்தை முழு வணக்கம் சொன்னது.

புதுக்கோட்டை:
எர்த் கம்பி, பிளக்கைப் பிடுங்காதே என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். எங்கள் பழைய வீட்டில் ஸ்விட்சை ஃபேஸ் கம்பியில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். அணைத்த பிறகும் டெஸ்டர் எரிகிறது. எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. இங்கே உங்கள் யோசனைப்படி நடந்தால் கார்டு பிழைக்கும், ஆள் பிழைப்பானா? முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பேன்.