நேரோ கேஜ் டயோரமா: போர்ட்மடாக் துறைமுகத்துத் தண்ணீரை எப்படிச் செய்வது?

சிலேட்டுவண்டி:
வணக்கம் நண்பர்களே. வேல்ஸில் இருக்கும் போர்ட்மடாக் துறைமுகத்தை 90 செ.மீ. × 30 செ.மீ. பலகையில், நேரோ கேஜ் (குறுகிய பாதை) ரயிலோடு டயோரமாவாக, அதாவது குட்டிக் காட்சி மாடலாகச் செய்ய ஆசை. 1836-ல் திறந்த ஃபெஸ்டினியாக் ரயில்பாதை மலையில் வெட்டிய, கூரைக்குப் போடும் சிலேட்டுக் கல்லை இந்தத் துறைக்குத்தான் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் இறக்கத்தில் எஞ்சினே இல்லாமல் வண்டிகள் தானாக உருண்டு வரும், பிரேக் பிடிக்க மட்டும் ஆள் இருப்பார், மேலே திரும்ப இழுத்துப் போக வேண்டிய குதிரையும் அதே வண்டித் தொடரில் ஒரு பெட்டியில் நின்றபடி இறங்கி வரும். இதைப் படித்ததிலிருந்து வேறு எதையும் செய்யத் தோன்றவில்லை.

மாடல் அளவு 009 (அசலில் 76-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 9 மி.மீ.). சின்ன வட்டப்பாதை ஒன்று, துறைச் சுவர், மூன்று பாய்மரக் கப்பல், 5 செ.மீ. ஆழத்துக்கு ரெசின் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் திரவம்) தண்ணீர் என்று திட்டம். சென்னையில் அடுக்குமாடி வீடு, பால்கனிதான் பட்டறை. இவ்வளவு ரெசினை எப்படி ஊற்றுவது?

மீட்டர்கேஜ்_மணி:
தம்பி, முதலில் வட்டப்பாதையை விட்டுவிடுங்கள். 009-க்குக் கிடைக்கும் ரெடிமேட் வளைவின் ஆரமே 228 மி.மீ., அதாவது பாதி வட்டம் திரும்பவே 46 செ.மீ. அகலம் வேண்டும், உங்களிடம் இருப்பது 30. பின்பக்கத்திலிருந்து ஒரு பாதை உள்ளே வரட்டும், அதிலிருந்து இரண்டு கிளைகள் துறை விளிம்பு வரை போகட்டும், நாலைந்து வண்டிகளைத் தள்ளி இழுத்து விளையாட அது போதும். தண்டவாளம் வாங்கும்போது 'N' கேஜ் (இதைவிடச் சின்ன அளவு மாடல்களுக்கான) பாதையை வாங்காதீர்கள். அகலம் அதே 9 மி.மீ. என்றாலும் தண்டவாளத்துக்கு அடியில் உள்ள கட்டைகள் குட்டியாக, நெருக்கமாக இருக்கும், பார்த்ததும் பெரிய ரயில்பாதையின் பொம்மை போலத் தெரியும். பீகோ கம்பெனி 009-க்கென்றே தனியாகப் போடுகிறது.

கப்பல் விஷயத்திலும் யோசியுங்கள். 30 மீட்டர் ஸ்கூனர் (ஒருவகைப் பாய்மரக் கப்பல்) இந்த அளவில் 39 செ.மீ., பலகையில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். முன்பாதியை மட்டும் செய்து பலகை ஓரத்தில் வெட்டி நிறுத்தினால் நன்றாக இருக்கும்.

கடலோரம்72:
நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போர்ட்மடாக்கில் கடல் வற்றும் நேரத்தில் துறைக்குள் பெரும்பகுதி வெறும் சேறுதான், நடுவில் ஒரு கால்வாய் அளவுக்குத் தண்ணீர் ஓடும், படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். அந்த நேரத்தையே செய்யுங்கள். ஐந்து செ.மீ. ரெசின் தேவையே இல்லை, தரையில் உட்கார்ந்த கப்பல் அடிப்பாகத்தோடு முழுசாகத் தெரியும்.

பார்ப்பவரை நம்ப வைப்பது தண்ணீரைவிடச் சுவர்தான். நாலு மீட்டர் சுவர் என்று வைத்தால் உங்கள் அளவில் 53 மி.மீ. வரும். ஃபோம் ஷீட்டில் பால்பாயிண்ட் பேனாவால் கல் கோடுகளை அழுத்திப் போடுங்கள். மேலே கால்பங்கு காய்ந்த வெளிர்சாம்பல், அதற்குக் கீழே ஈரத்தில் கறுத்த பட்டை, அடியில் பாசிப்பச்சையும் பழுப்பும் ஸ்பாஞ்சால் ஒற்றியது. பாசி ஏறிய கோடு சுவர் முழுக்க ஒரே மட்டத்தில் போக வேண்டும், அது ஏறி இறங்கினால் எல்லாம் கெட்டுவிடும். சேற்றுக்கு வால் புட்டி (சுவரில் பூசும் பசை மாவு), சலித்த மணல், ஃபெவிகால் மூன்றும் கலந்து தடவி, காய்ந்தபின் சாம்பல்பழுப்பு அடித்து, பள்ளங்களில் மட்டும் பளபள வார்னிஷ்.

கால்வாய்க்கு ரெசின் 2 மி.மீ. வீதம் இரண்டு தடவை ஊற்றினால் போதும். மழைக்காலத்தில் ஊற்றாதீர்கள். நவம்பரில் ஊற்றிய என்னுடையது மேலே பால் போல வெளுத்துவிட்டது, தேய்த்துத் தேய்த்து ஒரு வாரம் போனது. பலகை ஓரத்தையும் நன்றாக அடைத்துவிடுங்கள், ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாக ஒழுகிவிடும்.

சிலேட்டுவண்டி:
கடல் வற்றிய நேரம் எனக்குத் தோன்றவே இல்லை! ரொம்ப நன்றி அண்ணா. அப்படியே செய்கிறேன். அப்புறம் ஒன்று, துறைமேல் அடுக்கிய சிலேட்டுகளை எப்படிச் செய்வது? அட்டையில் செய்து பார்த்தேன், செங்கல் மாதிரி இருக்கிறது.

மீட்டர்கேஜ்_மணி:
அட்டை தடிமன். சாதாரணப் பிரிண்டர் தாளே போதும், நீலம் கலந்த கருஞ்சாம்பலில் இருபுறமும் வண்ணம் அடித்து வெட்டுங்கள். 'டச்சஸ்' என்று சிலேட்டுத் தொழில்காரர்கள் பெயர் வைத்த பெரிய சிலேட்டு 24 × 12 அங்குலம், உங்கள் அளவில் 8 × 4 மி.மீ. படுக்க வைத்து அடுக்காதீர்கள், துறையில் அதைப் புத்தகம் போல நிறுத்தித்தான் வரிசையாக அடுக்கினார்கள். வரிசைக்கு ஒன்றிரண்டை லேசாகச் சாய்த்து ஒட்டுங்கள். முதல் வரிசை முடிந்ததும் படம் போடுங்கள் தம்பி, பார்க்க ஆவலாக இருக்கிறது.