நரிமேட்டுக் கொரியன் கடை ஏன் மூடியது? அதே இடத்தை எடுக்கலாமா?

வைகைத்தெற்கு:
மதுரை நரிமேட்டில் கல்லூரிக்குப் போகிற வழியில் ஒரு கொரியன் கடை இருந்தது, இங்கே பலர் சாப்பிட்டிருப்பீர்கள். முதலில் தள்ளுவண்டி, பிறகு அங்கேயே ஒரு சின்னக் கடை, அப்புறம் பைபாஸ் ரோட்டில் ஏசி போட்டு இன்னொன்று. இப்போது இரண்டுமே இல்லை. கேட்டரிங் படித்த என் சித்தி மகன் நரிமேட்டு இடத்தை எடுத்து அதே கொரியன் சாப்பாடு போடுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஃப்ரீசர், ஃப்ரையர், மேஜை எல்லாம் உள்ளேயே கிடக்கிறது, சேர்த்தே தருகிறேன் என்கிறாராம் பழைய ஓனர். வீட்டுப் பெரியவர்கள், கறிதோசையும் பரோட்டாவும் இருக்கிற ஊரில் இதை எவன் தின்பான் என்று பேச்சை முடித்துவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சாயங்காலம் காலேஜ் விட்டதும் அந்த வண்டி முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தவன் நான், தின்ன ஆள் இல்லாமல் அது மூடவில்லை. அப்படியென்றால் வேறு எதனால்? சித்தப்பா பிஎஃப் பணத்தை எடுத்துக் கொடுப்பதற்குள் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி:
அந்தப் பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறேன், அதனால் வரவு செலவு பற்றி மட்டும் சொல்கிறேன். ருசியில் ஆரம்பத்தில் அந்தப் பையனை யாரும் குறை சொல்ல முடியாது.

நரிமேட்டில் பிள்ளைகளை நம்பிக் கடை போட்டால் இரண்டு காலம் கஷ்டம். ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்து ஹாஸ்டல் காலியானால் ஜூன் பாதி வரை தெரு வெறிச்சென்று கிடக்கும். அடுத்து புரட்டாசி. மீனும் கோழியும் வைத்து ஓட்டுகிறவருக்கு அந்த மாதம் வியாபாரம் பாதிதான், கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் வேறு. தள்ளுவண்டியாக இருந்தபோது இந்த மாதங்களில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவான், நஷ்டம் கிடையாது. கடை என்று வந்த பிறகு வாடகை, கமர்ஷியல் கரண்ட், ராத்திரி பகலாக ஓடும் ஃப்ரீசர், ஆள் சம்பளம் எதுவும் நிற்காது. அதை ஈடுகட்ட டெலிவரி ஆப்பில் சேர்ந்தான், அங்கே கமிஷன், விளம்பரக் காசு, பேக்கிங் டப்பா எல்லாம் போக மிஞ்சியது சொற்பம், உடனே விலையை ஏற்றினான், நடந்து வந்து சாப்பிடுகிற பிள்ளைகளும் அந்த விலையையே கொடுக்க வேண்டியதாயிற்று. பையில் ஐம்பது, அறுபது ரூபாயோடு வருகிற பிள்ளை எப்படி நூற்றைம்பது கொடுக்கும்?

பைபாஸ் ரோடு அட்வான்ஸுக்குத் தண்டலில் வாங்கியதாகக் கேள்வி. தண்டல் பணத்தில் ஏசி கடை வைத்து நிமிர்ந்தவரை நான் பார்த்ததில்லை. உங்கள் தம்பி கடையைப் போடட்டும், கடன் மட்டும் வேண்டாம்.

அடுப்படிஆள்:
அங்கே வேலை பார்த்தவன் நான். அண்ணனைப் பற்றி வெளியில் ஏதேதோ சொல்கிறார்கள், அதற்காகவே எழுதுகிறேன். அவர் கடுமையான உழைப்பாளி.

தொக்பொக்கி என்றால் காரச் சாற்றில் கொதிக்கவிட்ட அரிசித் துண்டு. அந்தத் துண்டை ஆரம்பத்தில் வீட்டிலேயே செய்தார். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரம் காயும் முன்னால் மாவாக்கி, கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேகவைப்பார். அதோடு முடியாது. வெந்ததைச் சூட்டோடு உரலில் போட்டு இடிக்க வேண்டும், ஆறிவிட்டால் அந்த இழுவை வராது. எண்ணெய் தொட்ட கையால் விரல் பருமனுக்கு உருட்டி, துண்டு போட்டு, ஈரத் துணியில் மூடி வண்டிக்குக் கொண்டு வருவோம். நெத்திலிக் கருவாட்டைத் தலையும் குடலும் கிள்ளிவிட்டு (இல்லாவிட்டால் கசக்கும்) கொதிக்கவைத்த தண்ணீர்தான் சாறு. கொச்சுஜாங் என்கிற கொரிய மிளகாய் விழுது சென்னையிலிருந்து வரும், விலை அதிகம், அதனால் கொஞ்சம் குண்டு மிளகாயை விதை தட்டிவிட்டு அரைத்துச் சேர்ப்பார், நிறம் நன்றாக வரும். காரம் ஏறிவிடும் என்பதால் அளவை அவர் ஒருவர்தான் போடுவார்.

ஒவ்வொரு தட்டோடும் ஒரு பேப்பர் கப்பில் சூடான மீன் கேக் (மீனை அரைத்துச் செய்வது) சாறு சும்மா கொடுப்போம். மழை நாளில் பிள்ளைகள் அதற்காகவே வந்து நிற்கும், இரண்டாவது கப் கேட்டாலும் அண்ணன் முகம் சுளித்ததில்லை.

பைபாஸ் கடை வந்ததும் எல்லாம் மாறியது. இரண்டு இடத்துக்கும் கையால் இடித்துக் கொடுக்க முடியாது, ஃப்ரோசன் துண்டு வரவழைத்தோம். கரண்ட் போய் ஃப்ரீசர் நின்று இளகி, மறுபடி உறைந்த துண்டு கொதிக்கும்போது வெடித்துவிடும். கிம்ச்சிக்கு, அதாவது காரம் சேர்த்துப் புளிக்கவைக்கிற கோஸுக்கு, ஊட்டி சைனீஸ் கோஸ் வாங்கிப் போடுவோம், அது குளிரில் மெதுவாகப் புளிக்க வேண்டிய பண்டம், நம் ஊர் சித்திரை வெயிலில் ஒரே நாளில் பொங்கிவிடும், அதற்குத் தனி ஃப்ரிட்ஜ் என்று இன்னொரு செலவு. கூட்டம் குறைந்ததும் மெனுவில் மோமோ, ஷவர்மா, ஃப்ரைட் ரைஸ் எல்லாம் ஏறின. சாறு கொடுப்பதை நிறுத்தினோம், அது என் மனதுக்கு ஒப்பவே இல்லை. வாராவாரம் வந்த நர்சிங் படிக்கிற பிள்ளை ஒன்று, கப் எங்கே அண்ணா என்று கேட்டது. அடுத்த வாரம் வரவில்லை.

ஒரகடம்வாசி:
எனக்குத் திருமங்கலம், இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். மேலே சொன்ன அந்தப் பேப்பர் கப் பழக்கம் கொரியாவில் தெருக்கடைகளில் அப்படியே உண்டு, குளிரில் நின்றுகொண்டு மீன் கேக் குச்சியைக் கடித்துவிட்டுச் சாறு குடிப்பார்கள். அந்த அண்ணன் விசாரித்துத்தான் செய்திருக்கிறார்.

சென்னையைப் பார்த்து யாரும் கணக்குப் போடாதீர்கள். ஹூண்டாய் 1998இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தயாரிக்க ஆரம்பித்ததிலிருந்து அங்கே கொரியக் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களை நம்பிப் பெரிய விலையில் உணவகம் நடத்தலாம். மதுரையில் அந்த வாடிக்கை இல்லை, பி.டி.எஸ். என்கிற கொரியக் குழுவின் பாட்டைக் கேட்டு, கொரிய சீரியல் பார்த்து ஆசையோடு வருகிற பிள்ளைகள்தான்.

அது குறையும் இல்லை. தொக்பொக்கியே அப்படி வளர்ந்த பண்டம். பழைய காலத்தில் அரண்மனையில் சோயா சாஸும் மாட்டிறைச்சியும் சேர்த்துச் செய்தார்கள். இன்றைக்கு நாம் தின்கிற சிவப்புத் தொக்பொக்கியை, கொரியப் போர் ஓய்ந்த 1953இல், சியோலின் சிந்தாங்-தோங் பகுதியில் மா போக்-ரிம் என்ற அம்மா தெருவோரம் விற்கத் தொடங்கினார் என்பார்கள். அந்தப் பகுதியில் இன்றும் தொக்பொக்கிக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. அப்புறம் 60களிலும் 70களிலும் அரிசித் தட்டுப்பாடு, அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியது, அரசாங்கமே கோதுமையைச் சாப்பிடச் சொன்னது, தொக்பொக்கியும் கோதுமைத் துண்டாக மாறிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது. சில்லறைக் காசுக்குப் பிள்ளைகள் வாங்கித் தின்ற பலகாரம் அது. நரிமேட்டு வண்டி ஓடியதற்கும், பைபாஸ் ஏசி கடை படுத்ததற்கும் காரணம் இதில் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

புதுமையை மட்டும் நம்பினால் கொரியாவிலேயே கடை நிற்காது. தைவான் காஸ்டெல்லா கேக் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்து, 2017இல் ஒரு டிவி நிகழ்ச்சி அதில் ஊற்றும் எண்ணெயைக் காட்டியதும் வரிசையாக மூடின. 2023இல் சர்க்கரைப்பாகு தோய்த்த பழக்குச்சி, தாங்ஹுலு, அதே மாதிரி எழுந்து அடுத்த வருடமே சரிந்தது. தொக்பொக்கி எதற்கும் அசையவில்லை.

கல்லாப்பெட்டி அண்ணே, புரட்டாசிக்கு வழி இருக்கிறது. நெத்திலிக்குப் பதில் காளானும் கடற்பாசியும் போட்டுச் சாறு வைக்கலாம், மீன் கேக்கை எடுத்துவிட்டுக் கோஸ், கேரட், வெங்காயம் கூட்டினால் போதும். கொச்சுஜாங் மிளகாய், பசையரிசி, புளித்த சோயா சேர்ந்ததுதான். ஆனால் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், சில பிராண்டுகளில் ஆல்கஹால் சேர்க்கிறார்கள். கோரிப்பாளையம் பக்கத்திலேயே இருக்கிறது, முஸ்லிம் பிள்ளைகள் நம்பிக் கேட்டால் தைரியமாகப் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

வைகைத்தெற்கு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி, தம்பியை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். கடன் வாங்கமாட்டேன் என்று சித்தப்பா முன்னால் ஒத்துக்கொண்டான். முதலில் வண்டியா, நேராகக் கடையா என்பதுதான் இன்னும் ஓடுகிறது. அடுப்படிஆள் தம்பி, அந்த அரிசித் துண்டுக்கு எந்த அரிசி? பழைய ஃப்ரீசரை வாங்கலாமா?

அடுப்படிஆள்:
வண்டியில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள் அண்ணே. கொரியாக்காரர்கள் போடுவது குட்டையான, ஒட்டுகிற அரிசி. நம் பொன்னிப் பச்சரிசி ஆறியதும் சீக்கிரம் விறைக்கும், அதனால் புதுப் பச்சரிசியாகப் பார்த்து வாங்கி, அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே செய்ய வேண்டும். மிச்சம் வந்தால் ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது, கல்லாகிவிடும், சாறில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போய்விடுவோம். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம், அதன் கம்ப்ரஸர் ஏற்கெனவே ஒரு தடவை மாற்றியது. கிரைண்டர் நன்றாக இருக்கிறது, அதை மட்டும் விலை பேசுங்கள். இடிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், இன்பாக்ஸில் நம்பர் அனுப்புங்கள்.