பொருள்: ‘அல்லீல் நிகழ்வெண்’ சரியா? கையேடு அச்சுக்குப் போகிறது

பாளையங்கோட்டை:
முதலாண்டு விலங்கியல் செய்முறைக் கையேடு திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘அல்லீல் நிகழ்வெண்’ என்ற சொல்தான் இடிக்கிறது (அல்லீல் என்பது ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களில் ஒன்று). பள்ளிக் கணக்கில் நிகழ்வெண் என்றால் வெறும் எண்ணிக்கை. இங்கே வேண்டியது பின்னம். 100 பேரின் இரத்தத்தில் எம் வகை (இரு நகலும் எம்) 30, எம்என் (எம் ஒன்று, என் ஒன்று) 50, என் வகை (இரு நகலும் என்) 20 என்று வைப்போம். ஆளுக்கு அந்த மரபணுவின் இரண்டு நகல், மொத்தம் 200. எம் அல்லீல் 30×2+50=110. மாணவர் 110 என்று நிறுத்திவிடுகிறார், இல்லையேல் 100-ஆல் வகுத்து 1.1 என்கிறார். விடை 110/200=0.55.

தென்காசி:
அண்ணாச்சி, முதலில் அல்லீலை மாற்றுங்கள். இலங்கையில் ‘எதிருரு’ என்கிறார்கள். கிரேக்க மூலத்துக்கும் ‘ஒன்றுக்கொன்று’ என்றுதான் பொருள். நன்னூல் சொல்லும் இறந்தகால இடைநிலைகளைப் பாருங்கள்: உண்டான், தின்றான், ஓடினான். இடம் ஒன்றே, ட், ற், இன் இவற்றில் ஒன்று வந்தால் மற்றது வராது. குரோமோசோமில் மரபணுவின் இடமும் அப்படியே. ‘மாற்றுரு’ என்றாலும் தகும்.

கோவில்பட்டி:
‘எதிர்’ என்றதும் பிள்ளைகள் இரண்டுதான் உண்டு என்று நினைப்பார்கள், ஏபிஓ-வில் மூன்று. ‘மாற்றுரு’ சடுதிமாற்றத்தோடு (மரபணுவில் திடீரென நேரும் மாற்றம்) குழம்பும். அல்லீலே இருக்கட்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ஓ அல்லீலுக்குக் கையேட்டில் வர்க்கமூலம் எடுப்பது. ஓ வகை (இரு நகலும் ஓ) 36 சதவீதம் என்றால் 0.6 என்பது ஹார்டி–வெயின்பெர்க் சமநிலை (மணம் தற்செயலாக நடந்து, இரு நகலும் ஒன்றையொன்று சாராமல் சேரும் நிலை) இருந்தால்தான் செல்லும். நம் பக்கம் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுகிறார்கள். தமக்குள்ளேயே மணம் முடிக்கும் பல சமூகத்தாரை ஒரே பட்டியலில் சேர்த்தாலும் அதே கதைதான்: ஒத்த இணை (இரு நகலும் ஒரே அல்லீல்) கூடும், கலப்பிணை (இரு வேறு அல்லீல்) குறையும், வர்க்கமூலம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். எம்என்-இல் நேராக எண்ணுவதால் இந்தத் தொல்லை இல்லை. இதை அடிக்குறிப்பாகவாவது போடுங்கள்.

அம்பாசமுத்திரம்:
அக்கா சொல்வது சரி. நிகழ்வெண்ணுக்குப் பதில் ‘பங்கு’ என்போம். பங்கு என்றாலே மொத்தம் எவ்வளவு என்ற கேள்வி வரும், வகுக்கும் எண்ணைத் தேடுவார்கள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள நிறக்குருட்டு மரபணுவுக்கு அது அவசியம்: ஆணுக்கு ஒரே நகல். 60 பெண், 40 ஆண் என்றால் 160-ஆல் வகுக்க வேண்டும், 200-ஆல் அல்ல.

தென்காசி:
புள்ளியியலில் ‘சார்பு நிகழ்வெண்’ (மொத்தத்தால் வகுத்த நிகழ்வெண்) இருக்கும்போது பங்கு எதற்கு? மேல்வகுப்பில் மறுபடி மாற்ற வேண்டிவரும்.

பாளையங்கோட்டை:
கோவில்பட்டி, அம்பாசமுத்திரம் பக்கம் போகிறேன்: ‘அல்லீல் பங்கு’. வர்க்கமூலக் குறிப்பும் சேர்கிறது.

தென்காசி:
சேர்க்கலாம். ஆனால் ‘எதிருரு’வைக் கலைச்சொல் பட்டியலில் விடாதீர்கள். பங்குக்கு என் ஒப்புதல் இல்லை.